இவாஞ்சலின் மூக்கு

கதவை ஒரு சாண் அகலத்துக்குத் திறந்து, தலையை உள்ளே விடாமல் மூக்கை மட்டும் நீட்டுவாள் இவாஞ்சலின். கண்ணை மூடிக்கொள்வாள். ஒரு கை இடுப்பில் தொங்கும் சாவியைப் பிடித்திருக்கும். ஒரே இழுப்பு. பிறகு கதவைச் சாத்திவிட்டு, பந்தியில் உப்பில்லாத குழம்பை ஊற்றிவிட்டதுபோல முகத்தைச் சுளித்து, "இன்னைக்கு இல்ல. நாளைக்கு மத்தியானம் மூணு மணிக்கு லாரிய வரச் சொல்லு" என்பாள். மறுநாள் மூன்று மணிக்குப் பார்த்தால் காய் மஞ்சளாகித்தான் இருக்கும்.

சின்னமனூரில் கம்பம் ரோட்டோரம் உள்ள கிருபை பழ மண்டியில் பல வருடமாக இதுதான் நடைமுறை. மண்டியின் பின்பக்கம் மூன்று குளிர் அறைகள். தோட்டத்தில் வெட்டிய பச்சை வாழைக்காயை டிரேக்களில் அடுக்கி உள்ளே வைத்து, கொஞ்சம் எத்திலீன் வாயுவை விட்டுக் கதவைச் சாத்தினால் நான்காம் நாள் பழமாகிவிடும். வியாபாரிகள் இந்த அறைக்கு சேம்பர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இவாஞ்சலின் ரூமு என்றுதான் சொல்வாள். "சேம்பராம் சேம்பரு. உள்ள என்ன வக்கீலா உக்காந்திருக்கான்?"

வயது ஐம்பத்தெட்டு. ஒடிசலான உடம்பு, அதற்குச் சம்பந்தமே இல்லாத பெரிய மூக்கு. சுற்றுவட்டாரப் பழ வியாபாரிகளில் அந்த மூக்கிடம் அவமானப்படாதவர்கள் குறைவு. யாராவது மாம்பழக் கூடையைக் கொண்டுவந்து கருத்துக் கேட்பார்கள். குனியக்கூட மாட்டாள். "கல்லு வச்சுப் பழுக்க வச்சதக் கொண்டாந்து எங்கிட்டயே நீட்டுறியாக்கும்? வெக்கமா இல்ல?" என்று கூடையைக் காலால் நகர்த்துவாள். கல்லு என்றால் கார்பைடு. அதைத் தொடுகிறவனை அவள் மனிதரில் சேர்ப்பதில்லை. ஒருமுறை சோதனைக்கு வந்த அதிகாரியையும் விடவில்லை. "வந்தாக, பழத்தப் பாத்தாக, நல்ல சீப்பா ரெண்டப் பையில போட்டாக, போனாக. அம்புட்டுத்தான் சோதனை."

பெண் பார்க்க வந்த மூன்று பேரும் அந்த மூக்கைத் தாண்டவில்லை. முதல் ஆளின் மேல் பாச்சை உருண்டை வாசம் வந்தது. சட்டை இரவல் என்று அவன் தாயாரின் முகத்துக்கு நேராகவே இவள் சொல்லிவிட்டாள். இரண்டாமவர் ஏலக்காயை மென்றுகொண்டு புகையிலையை மறைத்திருந்தார். மூன்றாம் ஆள் பாவம், போடியில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர், அவர் மேல் எந்த வாசமும் இல்லை. "வாசமே இல்லாத மனுசன எப்படி நம்புறது?" என்று அவரையும் திருப்பி அனுப்பிவிட்டாள். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை, அவளும் யாரையும் எதிர்பார்க்கவில்லை. அண்ணன் சுந்தர்ராஜின் மண்டிக்கு வந்து உட்கார்ந்தவள் உட்கார்ந்தவள்தான்.

மழையையும் மோந்து சொல்கிற பழக்கம் அவளுக்கு உண்டு. ஆனி மாதம் கம்பத்துப் பக்கமிருந்து காற்று திரும்பும்போது மண்டி வாசலில் நின்று, "நாளைக்குச் சாரல்" என்பாள். வியாபாரிகள் அதை நம்பித் தார்ப்பாய் எடுத்து வைப்பார்கள். சில வருடங்களாக இது பலிப்பதில்லை. சாரல் என்று சொன்ன வாரம் வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஒன்றும் சொல்லாத வாரம் திராட்சை கொடியிலேயே கொத்தோடு அழுகுகிற அளவுக்குக் கொட்டித் தீர்க்கிறது. தன் மூக்கில் ஏதாவது பழுதா என்று அவள் ஒரு நாளும் யோசித்ததில்லை. "மழைக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு" என்று மழையின் மேல் பழியைப் போட்டுவிட்டு உள்ளே போய்விடுவாள்.

சுந்தர்ராஜ் இறந்த பிறகு மண்டி அவர் மகன் வினோத்ராஜ் கைக்கு வந்தது. முப்பத்திரண்டு வயது, வெள்ளைச் சட்டை, காதில் எப்போதும் ஒரு கருவி. மண்டி முகப்பில் 'பசுமைப் பழ மண்டி, பூமியைக் காப்போம்' என்று பச்சையில் ஒரு பலகை மாட்டினான். அந்தப் பலகைக்கு நேர் கீழேதான் டீசல் ஜெனரேட்டர் நிற்கிறது. கரண்ட் போகும்போதெல்லாம் அது கக்குகிற புகையில் 'பூமி' ஏற்கெனவே பாதி கறுத்துவிட்டது. வருடத்துக்கு இரண்டு தடவை கல்லூரிப் பிள்ளைகளை வரவழைத்து, அந்தப் பலகையின் முன்னால் நின்று வாயுமண்டலம் பற்றிப் பேசுவான். காற்றில் நைட்ரஜன் எவ்வளவு, ஆக்சிஜன் எவ்வளவு, கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு என்று எல்லாம் மனப்பாடம். பேசி முடித்ததும் ஜெனரேட்டர் சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்டிருக்காது. போட்டோ மட்டும் நன்றாக வரும்.

இவாஞ்சலின் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். "மழை பேயலேன்னாலும் கார்பன், பேஞ்சு கெடுத்தாலும் கார்பன். முந்தியெல்லாம் பேய் பிடிச்சிருச்சும்பாக. இப்பக் கார்பன் பிடிச்சிருக்கு" என்று டிரே அடுக்குகிறவர்களிடம் சொல்லுவாள். அவர்கள் சிரிப்பார்கள். அவளோடு சேர்ந்து சிரிக்காதவர்களுக்கு அந்த மண்டியில் டீ வருவதற்குக் கொஞ்சம் தாமதமாகும்.

போன பங்குனியில் வினோத்ராஜ் மூன்றில் பெரிய அறைக்கு மீட்டர் மாட்ட ஆள் கூப்பிட்டான். வந்தது சினேகா என்ற பெண். ராயப்பன்பட்டிக்காரி, இருபத்தாறு வயது, குளிர் அறைச் சாதனங்கள் மாட்டுகிற வேலை. ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, முதுகுப் பையோடு வந்து, "மேடம், ரூம் சாவி வேணும்" என்றாள்.

"மேடம் பள்ளிக்கூடத்துல இருப்பாக. இங்கன நான்தான் இருக்கேன்."

"சரிம்மா. சாவி."

சாவி வரவில்லை. இவாஞ்சலினே வந்து திறந்தாள். சினேகா உள்ளே உணர்கருவியைப் பொருத்தி, வெளியே கதவுக்குப் பக்கத்துச் சுவரில் எண் தெரிகிற பெட்டியை ஆணியடித்து மாட்டி, அதற்கு இரண்டு பேட்டரி செல் போட்டாள். பெட்டி ஒரு முறை கீச்சென்றது. வாழைக்காயை வெட்டிய பிறகும் அதற்கு உயிர் போவதில்லை, நம்மைப் போலவே ஆக்சிஜனை இழுத்துக் கார்பன் டை ஆக்சைடை விட்டுக்கொண்டிருக்கிறது, பழுக்கத் திரும்பும்போது அந்த மூச்சு பல மடங்காகிறது என்று சொன்னாள். மூடின அறையில் அது சேரச் சேர முதலில் காய் பழுக்காமல் அடம்பிடிக்கும், அப்புறம் உள்ளே போகிற ஆளையே சாய்க்கும். "இந்த நம்பர் ஒண்ணத் தாண்டுனா, அதாவது நூறுல ஒரு பங்கு, இது கத்தும். கதவ நல்லாத் தொறந்து வச்சிருங்கம்மா. நாலு அஞ்சுக்குப் போயிருந்தா யாரையும் உள்ள விடாதீங்க. எப்படியும் ஒரு நாளைக்கு ரெண்டு தடவ தொறக்கணும்."

"என் மூக்கு சொல்லும்போது தொறப்பேன்."

"அதுக்கு வாசம் கிடையாதும்மா."

"உன் மூக்குக்கு இருக்காது."

சினேகா சிரித்துவிட்டாள். அதுதான் அவள் செய்த தப்பு. இவாஞ்சலின் வரிந்துகட்டிக்கொண்டு வந்தாள். "நானும் கேக்கேன். இவன் அங்கன நின்னு பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கானே, வெளிக்காத்துல அந்தக் கார்பன் எம்புட்டு இருக்கு?"

"பத்தாயிரம் பங்குல நாலு பங்குக்குக் கொஞ்சம் மேல."

"நாலு! பத்தாயிரத்துல நாலு. அந்த நாலுக்குத்தான் மழை மாறுது, வெயில் ஏறுது, திராட்சை அழுகுதுன்னு இத்தன அலப்பறையா? கேக்கவன் கேனையா இருந்தா எதையும் சொல்லுவீகளா?"

"நூறு வருசத்துக்கு முன்னாடி மூணுதான் இருந்துச்சும்மா. அது ஒரு போர்வை மாதிரி. அறவே இல்லேன்னா பூமி முழுக்க விறைச்சுப்போயிரும், நம்ம யாரும் இருந்திருக்க மாட்டோம். கனமாயிட்டே போனா வேகும்." சினேகா ஸ்க்ரூடிரைவரைத் துடைத்துப் பையில் வைத்தாள். "சரி, நான் ஒண்ணு கேக்கேன். நீங்க ரூமுக்குள்ள விடுற கேஸ் எம்புட்டு?"

"அது கொஞ்சூண்டு."

"கொஞ்சூண்டுன்னா எம்புட்டு? பத்தாயிரம் பங்குக் காத்துக்கு ஒரு பங்கு. அந்த ஒரு பங்குக்கு ஒரு ரூம் காயும் பழுத்துருதுல்ல? ஒரு பங்குக்கு இம்புட்டு நடக்குதுன்னா நாலு பங்குக்கு ஒண்ணும் நடக்காதா?"

இவாஞ்சலினுக்கு வாயடைத்துப் போயிற்று என்று எழுத எனக்கும் ஆசைதான். அந்த வாய் அவ்வளவு லேசில் அடைக்கிற வாய் இல்லை. "அது என் கேஸு. நான் சொன்ன பேச்சக் கேக்கும்" என்றாள்.

"வெளிய கூடியிருக்கதும் நம்ம விட்டதுதாம்மா. என்ன, அதுக்குத் தொறந்துவிடக் கதவு இல்ல."

ஸ்கூட்டர் ரோட்டில் திரும்பியதும் இவாஞ்சலின் மீட்டர் ஆணியில் தன் கைப்பையை மாட்டினாள். பை தொங்கினால் எண் தெரியாது. அன்று சாயங்காலம் பைக்குப் பின்னாலிருந்து அது கீச்சுக் கீச்சென்று கத்தியது. "அணில மாட்டி வச்சிட்டுப் போயிருக்கா" என்று மூடியைக் கழற்றி இரண்டு செல்லையும் எடுத்துத் தன் டார்ச்சில் போட்டுக்கொண்டாள். டார்ச் பிரமாதமாக எரிந்தது. மீட்டரை மாட்டச் சொன்ன வினோத்ராஜ் அதை ஒரு முறை போட்டோ எடுத்ததோடு சரி. ஒரு மாதமாகப் பைக்குப் பின்னால் அது செத்துக் கிடந்ததை அவன் கவனிக்கவே இல்லை.

அவன் கவனம் வேறு ஒன்றில் இருந்தது. சித்திரை வெயிலில் குளிர் வெளியே போகிறது என்று மூன்று அறைக் கதவுகளுக்கும் புதிதாக ரப்பர் பட்டை போட்டான். பழைய பட்டை ஓரமெல்லாம் பிய்ந்து, நாலு விரல் நுழைகிற அளவுக்கு இடைவெளி விட்டிருந்தது. புதுப் பட்டை கதவைக் கவ்விப் பிடித்தது. சாத்தினால் 'தொப்' என்று சத்தம். "ஒரு எறும்பு போகாது அத்தை" என்றான். அவளுக்கும் அந்தச் சத்தம் பிடித்துத்தான் இருந்தது.

அந்த மாதக் கடைசியில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா. சுற்றுப்பட்டு ஊரெல்லாம் அங்கே இருக்கும், ஒரு வாரத்துக்குப் பழம் போதாது. வினோத்ராஜ் பெரிய லோடு ஒன்றைப் பிடித்துவிட்டு அத்தையிடம் வந்தான். அவன் பேச்சில் முதல் தடவையாக ஒரு முறுக்கு இருந்தது. "செவ்வாக்கிழமை காலைல பழம் வீரபாண்டியில நிக்கணும் அத்தை. இந்த லோடு தப்புச்சுன்னா சாவிய எங்கிட்டக் குடுத்துருங்க. நான் போனுலயே எல்லாத்தையும் பாத்துக்கிருவேன்."

அவள் சிரித்தாள். "போனு மோந்து பாக்குமாடா?" என்று கேட்டாள். ஆனால் அன்றைக்கு முழுக்க இடுப்புச் சாவியை மூன்று நான்கு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அந்தச் சாவி போனால் அவளுக்கு அந்த மண்டியில் என்ன இருக்கிறது? மூலையில் உட்கார்ந்து அழுகல் பொறுக்கலாம். இல்லையென்றால் வீட்டில் உட்கார்ந்து சுவரை மோந்து பார்க்கலாம். அது அவளுக்குத் தெரிந்திருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்தப் பெரிய அறையில் லோடு ஏறியது. அறை கொள்ளுகிற அளவுக்கு மேலேயே அடுக்கச் சொன்னான் வினோத்ராஜ். நடக்கிற வழியில்கூட டிரே. அடுக்கியவன் மலைச்சாமி. சுருளிப்பட்டிக்காரன், நாற்பது வயது, பதினைந்து வருடமாக அங்கே சுமை தூக்குகிறான். அந்த வருடம் அம்மனுக்குத் தீச்சட்டி எடுப்பதாக வேண்டிக் கையில் காப்புக் கட்டியிருந்தான். மகளுக்குக் கண்ணில் ஏதோ கோளாறு வந்து சரியாகியிருந்தது. ஒரு வேளைச் சாப்பாடு, மஞ்சள் வேட்டி, செருப்பில்லாத கால். இவாஞ்சலின் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள், இதையெல்லாம் பார்த்தால் சும்மா இருப்பாளா? "உன் சாமிக்கு நீ பட்டினி கிடந்தாத்தான் செரிக்குமாக்கும்" என்று போகிற போக்கில் ஒரு சொல் போட்டுவிட்டுத்தான் போவாள். மலைச்சாமி பதில் சொல்வதில்லை. பதில் சொன்னால் அது இன்னும் பத்து சொல்லாகும் என்பது பதினைந்து வருட அனுபவம்.

சனிக்கிழமை பத்து மணிக்கு ஒரு வரிசை டிரேயை மாற்றி வைக்க உள்ளே போனவன் சீக்கிரமே வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். "யக்கா, தலை இடிக்குது. கண்ணு மங்குது. மூச்சு வாங்குது."

இவாஞ்சலின் கிட்டப் போய் அவன் வாயை மோந்து பார்த்தாள். சாராய வாசம் இல்லை. அது அவளுக்கு ஒரு ஏமாற்றம் மாதிரி இருந்தது. "பட்டினி கிடந்தா தலை இடிக்காம பாட்டா வரும்? போய் ஒரு டீயக் குடி."

"டீ குடிக்கக்கூடாதுக்கா, காப்புக் கட்டிருக்கேன்."

"அப்ப இடிக்கத்தான் செய்யும்" என்று கதவைச் சாத்தினாள். தொப். கதவு திறந்து கிடந்தது ஐந்து நிமிடம்கூட இராது.

அன்று சாயங்காலம் அவள் மூக்கை நீட்டினாள். வாசமே இல்லை. பச்சைக்காய் வாசம் லேசாக, அவ்வளவுதான். மூக்கு ஒன்றும் சொல்லவில்லை, அதனால் திறக்கவில்லை. வாழை விஷயத்தில் இங்கேதான் சூட்சுமம். மணம் வருவது கடைசியில். காய் மூச்சைப் பிடித்து வாங்கித் தள்ளுவது அதற்கு முந்தி, தோல் இன்னும் பச்சையாக இருக்கும்போது. மூக்குக்கு ஒன்றும் தெரியாத அந்த நேரத்தில்தான் அறைக்குள் காற்று மாறிக்கொண்டிருக்கும். வாசம் இல்லாத மனிதனை நம்பாமல் திருப்பி அனுப்பிய புத்திசாலி, வாசம் இல்லாத காற்றை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, வெள்ளைச் சேலையோடு நேரே மண்டிக்கு வந்தாள். மணி பன்னிரண்டு. மறுநாள் ராத்திரி லாரி வந்துவிடும், காய் எந்த மட்டில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கதவை ஒரு சாண் திறந்து மூக்கை நீட்டினாள். "ஒண்ணும் இல்ல. போ, கடைசி வரிசையில இருந்து ஒரு சீப்பு எடுத்துட்டு வா" என்றாள். மலைச்சாமி ஒரு நொடி தயங்கினான்.

"என்னாலே? மாமியா வீட்டுக்கா போற, யோசிக்க?"

அவன் உள்ளே போனான். குளிர் போகக்கூடாது என்பது வினோத்ராஜின் உத்தரவு, கதவு அவன் பின்னால் மூடிக்கொண்டது. இவாஞ்சலின் வெளியே நின்று சேலையில் ஒட்டியிருந்த பூவிதழைத் தட்டிவிட்டாள். உள்ளே டிரே ஒன்று சரிகிற சத்தம் கேட்டது.

"ஏலே, பாத்துடா. திருவிழாப் பழம்."

பதில் இல்லை.

"குளுகுளுன்னு இருக்குன்னு படுத்துட்டியாக்கும்? உங்க அம்மனுக்கு உள்ளயே கோயில் கட்டுறியா?"

இப்படி இன்னும் நாலு சொல் சொன்னாள். எல்லாம் நல்ல சொற்கள்தான், வேறொரு நாளாக இருந்தால் மண்டியே சிரித்திருக்கும். அந்த நாலு சொல்லுக்கும் சேர்த்து இரண்டு நிமிடம் போயிற்று. பிறகுதான் அவள் கதவைத் திறந்து டார்ச்சை அடித்தாள். டிரே சந்தின் கடைசியில் மஞ்சள் வேட்டியும் இரண்டு வெறுங்கால்களும் தெரிந்தன. பாதம் மேல்நோக்கி இருந்தது.

"ஐயோ ஆண்டவரே" என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடினாள். நாலு எட்டு வைத்ததும் நெஞ்சு படபடவென்று அடித்தது, வாயைத் திறந்து திறந்து இழுத்தும் மூச்சு போதவில்லை. காதுக்குள் இரைச்சல். அப்போதும் அந்த மூக்குக்கு எந்த வாசமும் தெரியவில்லை. அவன் இரண்டு கணுக்காலையும் பிடித்து இழுத்தாள். வழியில் டிரே, வினோத்ராஜ் அடுக்கச் சொன்ன டிரே. முட்டியால் தள்ளி, தோளால் இடித்து, காய் கொட்டக் கொட்ட அவனை வாசலுக்குக் கொண்டுவந்து போட்டுவிட்டு அவளும் பக்கத்திலேயே விழுந்தாள். சத்தம் கேட்டு முன்பக்கத்து ஆட்கள் ஓடி வந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் மலைச்சாமி இருமினான். வாந்தி எடுத்தான். வெறும் வயிறு, தண்ணீர்தான் வந்தது. கண்ணைத் திறந்து முதலில் கையில் காப்பு இருக்கிறதா என்று பார்த்தான்.

"தலை வலிச்சா வாயத் தொறந்து சொல்லித் தொலைக்கணும்டா கிறுக்குப்பயலே" என்றாள் இவாஞ்சலின்.

"நேத்தே சொன்னேன்லக்கா" என்றான்.

அவன் குறையாகச் சொல்லவில்லை, ஞாபகப்படுத்துவதுபோலத்தான் சொன்னான். இவாஞ்சலின் வாய் அப்போதுதான் அடைத்தது.

மலைச்சாமிக்கு ஆஸ்பத்திரியில் இரண்டு மணி நேரம் ஆக்சிஜன் வைத்து அனுப்பிவிட்டார்கள். சாயங்காலம் சினேகா வந்தாள். பையை ஆணியிலிருந்து எடுத்தாள், மீட்டர் மூடியைக் கழற்றினாள், செல் இல்லாமல் காலியாக இருந்த இடத்தைப் பார்த்தாள். இவாஞ்சலின் டார்ச்சைத் திறந்து இரண்டு செல்லையும் எடுத்து நீட்டினாள். மத்தியானம் முழுக்கக் கதவு திறந்துதான் கிடந்தது. ஆனாலும் சரிந்த டிரேக்கள் வழியை அடைத்திருந்தன, காய் விடாமல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. மீட்டர் இரண்டே கால் காட்டியது. மத்தியானம் அது எவ்வளவு காட்டியிருக்கும் என்று யாரும் சொல்லிக்கொள்ளவில்லை.

சினேகா கதவு ஓரத்தில் விரலை ஓட்டினாள். "ரப்பர் எப்ப மாத்துனீங்க?"

"இந்த மாச ஆரம்பத்துல" என்றான் வினோத்ராஜ், பெருமையை விட மனமில்லாமல். "ஒரு எறும்பு போகாது."

"அதான்" என்றாள் அவள். "இத்தன வருசமும் அந்தப் பிஞ்ச ரப்பர் வழியாத்தாம்மா கெட்ட காத்து போயிட்டு இருந்துருக்கு. அதுதான் உங்களக் காப்பாத்துச்சு."

இருபது வருடப் புகழ். அண்ணன் மெச்சிய மூக்கு, வியாபாரிகள் கூடையோடு வரிசையில் நின்ற மூக்கு. கடைசியில் பார்த்தால் எல்லா வேலையும் செய்தது நாலு விரல் கிழிசல். இவாஞ்சலின் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். வினோத்ராஜ் அவளைப் பார்த்து இளக்காரமாகச் சிரிக்கப் போனான், அதற்குள் சினேகா அவன் பக்கம் திரும்பி, "உள்ள எத்தன டிரே கொள்ளும், எத்தன அடுக்கியிருக்கீங்க?" என்று கேட்டாள். சிரிப்பு வந்த வழியே போய்விட்டது.

லோடு கை நழுவித்தான் போயிற்று. காய் பாதி பச்சை, பாதி சாம்பல் பூத்த மஞ்சள் என்று நின்றது. செவ்வாய்க்கிழமை வீரபாண்டியில் யாருடைய பழமோ விற்றது. புதன்கிழமை இவாஞ்சலின் சாவியை இடுப்பிலிருந்து அவிழ்த்து வினோத்ராஜ் மேஜை மேல் வைத்தாள். அவன் சாவியைப் பார்த்தான், பின்பக்கம் பார்த்தான். சாவியை எடுத்தால் இனி அந்தக் கதவுக்கு அவன்தான் பொறுப்பு. உள்ளே போகிற ஆளை அனுப்ப வேண்டியதும் அவன்தான், வரவில்லையென்றால் இழுக்க வேண்டியதும் அவன்தான். "நீங்களே வச்சுக்கங்க அத்தை" என்று காதுக் கருவியில் யாரிடமோ பேசத் தொடங்கினான். மறுமுனையில் யாரும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். முகப்புப் பலகையை மட்டும் அந்த வாரம் துடைத்து வைத்தான்.

மலைச்சாமி சொன்னபடி தீச்சட்டி எடுத்தான். கிளம்பும்போது இவாஞ்சலின், "புகையில மூஞ்சிய வச்சுக்கிட்டு நிக்காத. காத்தோட்டமாப் போ" என்றாள். அதில் எகத்தாளம் இருக்கிறதா என்று அவன் தேடிப் பார்த்தான். கிடைக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை புது லோடு ஏறியது. வழி விட்டு அடுக்கியிருந்தார்கள். சனிக்கிழமை காலை பத்து மணி. மலைச்சாமி காலி டிரேயோடு கதவருகே வந்து நின்றான். காப்பு அவிழ்த்த தடம் மணிக்கட்டில் இன்னும் வெளுப்பாக இருந்தது. முன்பக்கத்திலிருந்து இரண்டு வியாபாரிகள் பப்பாளிக் கூடையோடு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இவாஞ்சலின் கதவை ஒரு சாண் திறந்தாள். கண் தானாக மூடியது, கழுத்து தானாக நீண்டது. பாதியில் நின்றாள். பிறகு இரண்டு விரலால் தன் மூக்கை இறுக்கிப் பொத்திக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பி, மீட்டரில் இருந்த எண்ணைக் கண்ணைச் சுருக்கிப் படித்தாள்.